ஒரே சொல் போதும் என்பவர்களுக்கு

1

ஆங்கிலத்தில் ஒத்த பொருள் கொண்ட வினைச்சொற்களுக்கு நடுவே இருக்கும் பேதங்களைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நம் எழுத்தாள நண்பர்களின் முகத்தில் சலிப்பு தட்டிவிடுகிறது. இது டியூஷன் வாத்தியார் சமாச்சாரம். 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்கு வேண்டுமானால் அவசியம். இலக்கியம் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது என்பது அவர்கள் கட்சி. இன்னொரு கட்சிக்கு ஆங்கிலத்தின் பேரில் அபார பக்தி. நுட்பமெல்லாம் அங்கே, தமிழில் எல்லாவற்றுக்கும் 'பார்' ஒன்றுதான், ஆகவே மொழிபெயர்ப்பில் நுட்பம் போவது தமிழின் தலையெழுத்து என்று அது சொல்லும். மூன்றாவது கட்சி, தமிழில் இல்லாதது எதுவுமில்லை என்று மார் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மூன்று கட்சிக்கும் ஒரு விஷயத்தில் உடன்பாடு உண்டு: வினைச்சொல்லைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது இதற்கு எதிரானது. கிட்டத்தட்ட ஒரே பொருள் தரும் இரண்டு வினைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியில்தான் யார் செய்தது, யார்மேல் செய்தது, செய்த காரியம் முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் தங்கியிருக்கிறது. சட்டம் எழுதுகிறவனுக்கு இது தெரியும். வங்கிச் சுற்றறிக்கை எழுதுகிறவனுக்கும் தெரியும். எழுத்தையே காரியமாகக் கொண்ட நமக்குத்தான் தெரியவில்லை. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த வங்கி குமாஸ்தா. வேதாரண்யத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் உதாரணங்கள் எல்லாம் இந்த ஊரையும் இதைச் சுற்றியுள்ள பூமியையும் சேர்ந்தவை. அகராதியிலிருந்து பொறுக்கியவை அல்ல.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. 1959இல் 'எழுத்து' வந்ததிலிருந்து நம் சிறுபத்திரிகைகள் பெயர்ச்சொற்களுக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. படிமம், நனவோடை, பிரக்ஞை, இருத்தலியல், அந்நியமாதல் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டம் போட்டோம், கட்டுரை எழுதினோம், மறுப்பு எழுதினோம், மறுப்புக்கு மறுப்பும் எழுதினோம். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லுக்காக எவரும் எவரோடும் மனஸ்தாபப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. விளைவு கண்ணெதிரே இருக்கிறது. நம் விமர்சகன் எதையும் படிப்பதில்லை, 'வாசிப்பை நிகழ்த்துகிறான்'. மறுப்பதில்லை, 'மறுப்பைப் பதிவு செய்கிறான்'. கேட்பதில்லை, 'கேள்வியை முன்வைக்கிறான்'. கலெக்டர் ஆபீஸ் பத்திரிகைக் குறிப்பில் அதிகாரி ஏரியைப் பார்ப்பதில்லை, 'ஆய்வு மேற்கொள்கிறார்'. பெயர்ச்சொல்லை நடுவில் நிறுத்தி, அதன் வாலில் 'செய்', 'நிகழ்த்து', 'மேற்கொள்' என்று உயிரில்லாத ஒரு வினையைக் கட்டிவிடுவது இரண்டு இடத்திலும் ஒரே முறை. அதிகாரத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தலையங்கமும் அதிகாரத்தின் குறிப்பும் ஒரே நடையில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

2

வேதாரண்யம் என்றால் உப்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற இடம் இது. 'விளைகிற' என்று எழுதினேன்; இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உப்புக்குப் பாத்தி உண்டு, விளைச்சல் உண்டு. வெயில் ஏறினால் உப்பு விளையும், விளைந்ததை வாருவார்கள். பாத்தி கட்டாத சதுப்பில், கடல் ஏறி வடிந்த தரையில், தானாகவே வெள்ளையாக ஏறி நிற்பது உப்புப் பூத்தல். பூத்ததை அள்ளலாம். கடல்நீரைப் பானையில் ஊற்றி அடுப்பேற்றினால் அது உப்புக் காய்ச்சுதல். விளை, வாரு, பூ, அள்ளு, காய்ச்சு: ஐந்தும் ஐந்து காரியம். விளைவதும் பூப்பதும் உப்பின் வேலை. வாருவதும் அள்ளுவதும் காய்ச்சுவதும் மனுஷன் வேலை. இதில் எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து உப்பு யாருடையது என்ற கேள்விக்கே பதில் மாறும்.

வெள்ளைக்காரன் இந்த இடத்தில் என்ன செய்தான் என்று பாருங்கள். 1882ஆம் வருஷத்து இந்திய உப்புச் சட்டத்தில் 'மேனுஃபாக்சர்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் உண்டு. மண்ணிலிருந்து உப்பைப் பிரித்தெடுப்பது மேனுஃபாக்சர் என்கிறது அது. அதோடு நிற்காமல், இயற்கையாகப் படிந்த உப்பையோ தானாகப் பூத்த உப்பையோ தோண்டுவதும் அகற்றுவதும்கூட மேனுஃபாக்சர்தான் என்கிறது. ஆங்கிலம் தெரிந்த எவனும் தரையில் கிடப்பதை எடுப்பதற்கு 'மேனுஃபாக்சர்' என்று சொல்லமாட்டான். அதற்கு 'டேக்' இருக்கிறது, 'கலெக்ட்' இருக்கிறது, 'கேதர்' இருக்கிறது. சட்டம் எழுதினவனுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் விளக்கம் எழுதினான். தரையில் கிடந்ததை எடுப்பவனைக் குற்றவாளி ஆக்குவதற்கு ஒரு சங்கடம் உண்டு. கையால் எடுப்பதை உற்பத்தி என்று பெயர் மாற்றிவிட்டால் அனுமதியில்லாமல் உற்பத்தி செய்தான் என்று பிடித்துப்போடலாம். ஒரு வினை இன்னொரு வினையை விழுங்கியது. ஏழையின் உப்பும் அதோடு போயிற்று.

1930 ஏப்ரல் 13ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் புறப்பட்டு, 28ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்து, 30ந் தேதி சதுப்பில் உப்பை அள்ளினார்கள். அன்றே ராஜாஜி கைதானார். மேடைப் பேச்சில் இது 'உப்புக் காய்ச்சிய போராட்டம்' ஆகிவிடுகிறது. 1930இல் உப்புக் காய்ச்சிய இடங்களும் உண்டுதான். ஆனால் தரையிலிருந்து அள்ளியதைக் காய்ச்சியது என்று சொல்லும்போது, சட்டம் சொன்ன பொய்யை நாம் தமிழில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இயற்கை கொடுத்ததை எடுப்பது குற்றமா என்பதுதான் அன்றைய கேள்வி. 'காய்ச்சினார்கள்' என்றால் அந்தக் கேள்வியே எழாது.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு அத்தாட்சி வெள்ளைக்காரனின் காகிதத்திலேயே இருக்கிறது. 1931 மார்ச் 5ந் தேதி ஏற்பட்ட காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் உப்பைப் பற்றி ஒரு ஷரத்து. உப்புக் கிடைக்கும் இடங்களை ஒட்டிய கிராமத்து ஜனங்கள் வீட்டு உபயோகத்துக்கும் தம் கிராமத்துக்குள் விற்பதற்கும் உப்பை 'கலெக்ட் ஆர் மேக்' செய்துகொள்ளலாம் என்கிறது. சேகரிக்கலாம் அல்லது தயாரிக்கலாம். 1882இல் ஒன்றாக்கிய இரண்டு வினைகள் 1931இல் மறுபடி இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. நடுவே எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள் என்பது சரித்திரம். பேதம் பார்ப்பது வாத்தியார் வேலை என்று இனி யாராவது சொன்னால் அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் வரைக்கும் என்னோடு நடந்து வரட்டும்.

3

அதே யாத்திரையில் இன்னொரு வினைச்சொல். அப்போது தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே. ஏ. தார்ன். தொண்டர்களுக்கு இடம் கொடுத்தாலோ சோறு போட்டாலோ ஆறு மாதம் ஜெயில் என்று பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் தண்டோராவிலும் சொல்லவைத்தார். ஆதாரம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவு. அந்தச் சட்டம் 2024 ஜூன் வரை நம்மிடையே இருந்தது. ஆகவே இது பழங்கதை இல்லை.

பிரிவின் முதல் வினை 'ஹார்பர்'. இதற்கும் 'ஷெல்டர்' என்பதற்கும் அகராதியில் அடுத்தடுத்து இடம் கிடைக்கும். ஆனால் மழையில் நனைந்தவனுக்குத் திண்ணையைக் கொடுத்தால் ஷெல்டர், கொடுத்தவன் யோக்கியன். ஹார்பர் என்றாலோ உள்ளே இருப்பவன் ஏதோ செய்துவிட்டு வந்தவன், இடம் கொடுத்தவனும் அதில் பங்காளி. காரியம் ஒன்றுதான், பழி மட்டும் கூடுதல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் 'அடைக்கலம் அளி' என்று எழுதுகிறார்கள். அடைக்கலம் தமிழில் அறம், கொடுத்தவனுக்குப் பெருமை. குற்றம் சாட்டுகிற சொல்லை வாழ்த்துகிற சொல்லாக மாற்றிவிட்டு மூலத்துக்கு விசுவாசம் என்று ஜம்பம் வேறு.

சோறு போடுவது ஹார்பர் ஆகுமா? 1894ஆம் வருஷத் திருத்தம் ஒன்று, தங்க இடம், சோறு, தண்ணீர், பணம், துணி தருவதெல்லாம் ஹார்பர்தான் என்று விளக்கியது. ஆனால் 212, 216, 216ஏ என்ற பிரிவுகளுக்கு மட்டும். 157க்கு அல்ல. 1942இல் அந்த விளக்கத்தைச் சட்டம் முழுவதற்கும் பொதுவாக்கியபோதும் 157ஐப் பேர் சொல்லி விலக்கிவைத்தார்கள். தவிர 157 பேசுவது கூலிக்கு அமர்த்தப்பட்டோ வேலைக்கு வைக்கப்பட்டோ சட்டவிரோதக் கூட்டத்தில் சேர வந்தவர்களைப் பற்றி. அவர்களைத் தன் வசமுள்ள வீட்டிலோ இடத்திலோ வைத்துக்கொள்வதைப் பற்றி. நடந்து வந்தவர்கள் தொண்டர்கள். கலெக்டரின் தண்டோராவுக்கு இந்தச் சில்லறையெல்லாம் கிடையாது. இடம் கொடு, சோறு போடு, வரவேற்பு கொடு எல்லாம் ஒரே வினை, ஒரே ஆறு மாதம்.

கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டி வைத்தார்கள். வீட்டுக்குள் யாரையும் விடவில்லை, யாருக்கும் கையால் சோறு போடவில்லை. மரத்தில் தொங்குகிறது, பசித்தவன் எடுத்துக்கொண்டான். பிரிவைப் படித்த ஐ.சி.எஸ்.காரரைவிடப் பிரிவைப் படிக்காத குடியானவன் அதன் வினையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான் என்றுதான் நான் சொல்வேன்.

'கட்டினார்கள்' என்று எழுதாமல் 'கட்டி வைத்தார்கள்' என்று எழுதினேன். இந்த 'வை'யைக் கவனியுங்கள். கட்டினான் என்றால் காரியம் அங்கேயே முடிந்துவிட்டது. கட்டி வைத்தான் என்றால் பின்னால் வரப்போகிற ஒருத்தனுக்காக, வரப்போகிற ஒரு வேளைக்காக. இதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வினை போதாது. ஒரு வாக்கியம் பிடிக்கும். தமிழில் நுட்பம் இல்லை என்கிற கட்சிக்கு இதுதான் என் முதல் பதில். ஆங்கிலம் தனித்தனி வினைகளை அடுக்கிப் பேதம் காட்டுகிறது. தமிழ் பல சமயம் ஒரே வினைக்குப் பின்னால் துணை ஒன்றை நிறுத்திக் காட்டுகிறது. சொன்னான், சொல்லிவிட்டான், சொல்லிவைத்தான், சொல்லிக்கொடுத்தான், சொல்லிக்கொண்டான், சொல்லித் தொலைத்தான். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளைத் தனியாக இனம்காட்டிப் பொருள் சொல்லியிருக்கிறது. அதை மேஜைமேல் வைத்திருக்கும் நண்பர்கள் நிறைய. திறப்பவர்கள் குறைவு.

4

ஆங்கில பக்தர்களுக்கு இரண்டாவது பதிலும் உண்டு. 'பர்ன்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசை பர்ன் ஆயிற்று, குடிசையை பர்ன் பண்ணினான்: ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சொல். தமிழில் எரிந்தது வேறு, எரித்தான் வேறு. உடைந்தது, உடைத்தான், கவிழ்ந்தது, கவிழ்த்தான், சேர்ந்தது, சேர்த்தான். தானே நடந்ததா, ஒருத்தன் நடத்தினானா என்று தமிழ் வினை வாயைத் திறந்ததுமே கேட்டுவிடுகிறது. தப்பிக்க இடமில்லை. அல்லது இருக்கக்கூடாது.

பழைய தஞ்சை ஜில்லாவின் கிழக்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகள், தலித்துகள். இதை எழுதும்போது நம்மவர்கள் கைக்கு எந்த வினை வருகிறது? 'தீக்கிரையாயினர்.' 'தீயில் கருகி உயிரிழந்தனர்.' 'பலியாயினர்.' தீ ஏதோ பசித்து வந்து தின்றுவிட்டுப் போன மாதிரி. எரித்தார்கள் என்ற நேரான சொல் தமிழில் இருக்கிறது. அது எழுவாயைக் கேட்கும். எழுவாயைச் சொல்லத் தைரியம் இல்லாதபோது நமக்கு இலக்கிய நடை வந்துவிடுகிறது. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்தது. எரித்த வினைக்குக் கோர்ட்டில் எழுவாய் கிடைக்கவில்லை. பத்திரிகையிலும் புத்தகத்திலும்கூடக் கிடைக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை எழுத்தாளன் ஏன் மேற்போட்டுக்கொள்ள வேண்டும்? 'தீக்கிரையாயினர்' என்று கண்ணீரோடு எழுதுகிறவனின் அனுதாபத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவன் வினைச்சொல்லைச் சந்தேகிக்கிறேன்.

இப்படிக் கேட்பது மேல்நாட்டு மோஸ்தர் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். அவர்கள் தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தைப் புரட்டலாம். ஈ, தா, கொடு மூன்றும் ஒரே காரியத்தைக் கேட்கிற வினைகள். ஆனால் தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு என்று அந்த நூல் பிரிக்கிறது. அந்தப் படிநிலை நமக்கு வேண்டாம், நல்லவேளையாகப் போய்விட்டது. ஆனால் வினைக்குள் இரண்டு மனுஷர்களின் உறவு ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொண்ட கண் நமக்கு வேண்டும். அது படிநிலையோடு சேர்ந்து போயிருக்க வேண்டியதில்லை.

அதைவிட நம் விவகாரத்துக்குப் பொருத்தமான விதி கிளவியாக்கத்தில் இருக்கிறது. பல வேறு வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரு பொதுச் சொல்லால் குறிக்கும்போது அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைச் சொல்லக்கூடாது, பொதுவினைதான் சொல்ல வேண்டும். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம்: 'அடிசில்' என்றால் அதில் உண்பதும் தின்பதும் பருகுவதும் நக்குவதும் அடக்கம், ஆகவே அடிசில் அயின்றார் என்பதே சரி, தின்றார் என்பது தவறு. இந்த விதியைத் திருப்பிப் பிடித்தால் நமக்குச் சவுக்கு. பொதுவினைக்கு இடம் பொதுப் பொருளிடத்தில்தான். முறுக்குக்குத் தின்பதுதான் வினை, பாயசத்துக்குக் குடிப்பதுதான் வினை. குறிப்பான பொருளை வைத்துக்கொண்டு 'உட்கொண்டார்', 'மேற்கொண்டார்' என்று எழுதுகிறவன் ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஒழுக்கத்தை மீறுகிறான். கேட்டால் நவீனத்துவம் என்கிறான்.

5

இனி என் பிழைப்பு. ஆங்கிலத்தில் கடன் விஷயமாக இரண்டு வினைகள் உண்டு: 'வெய்வ்', 'ரைட் ஆஃப்'. வெய்வ் என்றால் கொடுத்தவன் தன் உரிமையை விட்டுவிட்டான். வாங்கினவன் இனி கட்ட வேண்டாம். ரைட் ஆஃப் என்றால் வராது போலிருக்கிற கடனை வங்கி தன் ஆஸ்திக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. இது வங்கிக்கும் அதன் ஏட்டுக்கும் நடுவிலான காரியம். வாங்கினவன் கடன்காரனாகவே இருக்கிறான். நோட்டீஸ் வரும், வழக்கு நடக்கும், ஜாமீன் சொத்துக்கு ஏலமும் வரலாம். தமிழ்ப் பத்திரிகையில் இரண்டுக்கும் ஒரே சொல்: தள்ளுபடி. கோர்ட்டில் மனு தோற்றாலும் தள்ளுபடி. தீபாவளிக்குத் துணிக்கடையில் விலை குறைத்தாலும் தள்ளுபடி. நான்கு வினைகள் ஒரே சட்டைக்குள் நுழைந்திருக்கின்றன.

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, பயனடைந்தவர்கள் 16.43 லட்சம் விவசாயிகள் என்றது. அது வெய்வ். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி கொடுத்த பதில் ஒன்று வெளியாயிற்று. வேண்டுமென்றே கடன் கட்டாத 50 பெரும்புள்ளிகளின் கணக்கில் 68,607 கோடி ரூபாய், 2019 செப்டம்பர் 30 வரையிலான கணக்குப்படி ரைட் ஆஃப் ஆனது. அதுவும் தமிழில் தள்ளுபடி. எதிர்க்கட்சி கத்தியது, ரைட் ஆஃப் வேறு, வெய்வ் வேறு என்று நிதியமைச்சர் விளக்கம் சொன்னார். விளக்கம் சரி. ஆனால் ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் சரி. தமிழில் அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: தள்ளுபடி வேறு, தள்ளுபடி வேறு.

கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் இது எப்படி வந்து சேர்கிறது? வாராக் கடனில் ஏறிய ஒரு பெரியவர் பத்திரிகைத் துண்டை மடியில் கட்டிக்கொண்டு வருகிறார். "வங்கிக் கடனெல்லாம் தள்ளுபடின்னு போட்டிருக்கான், தம்பி. பின்ன எனக்கு மட்டும் ஏன் நோட்டீஸு வருது?" அவர் முட்டாள் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர்; தமிழில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் புரிந்துகொண்டார். "அது வேற தள்ளுபடி, ஐயா" என்றால் என் முகத்தைப் பார்க்கிறார். பெரிய மனுஷனுக்கு ஒரு தள்ளுபடி, சின்ன மனுஷனுக்கு ஒரு தள்ளுபடி என்றுதான் அவருக்குக் கேட்கும். அவர் புரிந்துகொண்டதில் பாதி உண்மையும் உண்டு. அது வேறு கட்டுரை.

தமிழால் இதைப் பிரிக்க முடியாதா? பேஷாக முடியும். கடனை விட்டுவிட்டார்கள், கடனை ஏட்டில் கழித்து வைத்தார்கள். மேலே மரத்தில் பொட்டலத்தைக் கட்டி வைத்த அதே 'வை'தான். விஷயம் முடியவில்லை, பின்னால் வரும் என்று அது சொல்லிவிடும். இந்தச் சொல்தான் வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. இதைவிட நல்லது கிடைத்தால் சந்தோஷம். இரண்டு காரியத்துக்கு இரண்டு வினை வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

'வழங்கு' என்ற வினையையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் இந்தக் கரையில் ஏறியது. அரசு தந்தது நிவாரணம். 'நிவாரணம் வழங்கப்பட்டது' என்றார்கள். இருக்கட்டும். ஆனால் பயிர்க் காப்பீட்டுப் பணமும் 'வழங்கப்படுகிறது'. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா விவசாயி காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் தன் கையிலிருந்து பிரீமியம் கட்டியிருக்கிறான். பயிர் அழிந்தால் அவனுக்கு வரவேண்டியது பாக்கி. ஆங்கிலத்தில் 'கிரான்ட்' வேறு, 'பே' வேறு, 'ஸெட்டில்' வேறு. பாக்கியைத் தீர்த்தார்கள் என்று எழுதினால் தாமதத்துக்கு ஒருத்தன் பதில் சொல்ல வேண்டும். வழங்கினார்கள் என்று எழுதினால் வாங்கினவன் கும்பிட வேண்டும். அவன் கும்பிடும் படமும் மறுநாள் பத்திரிகையில் வருகிறது.

6

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: மொழி ஜனங்கள் கையில் இருக்கிறது, வழக்கு எதுவோ அதுவே சரி, நீ யார் அதிகாரம் பண்ண? ஜனங்கள் கையில் இருந்தால் நானும் சும்மா இருப்பேன். உப்பளத்தில் வாருவதும் அள்ளுவதும் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. 'தீக்கிரையாயினர்' என்று எந்தக் கூலிக்காரரும் பேசுவதில்லை, கொளுத்திட்டாங்க என்கிறார்கள். 'மேற்கொள்'ளும் 'தள்ளுபடி'யும் 'வழங்கு'ம் ஜனங்களிடமிருந்து வரவில்லை. ஆபீஸிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வருகின்றன. நாம் அவற்றை அச்சடித்துக் கௌரவம் கொடுக்கிறோம்.

மொழிபெயர்க்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஹீ லுக்ட் பட் டிட் நாட் ஸீ' என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தால் 'பார்த்தான், ஆனால் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டு தமிழின் வறுமைக்கு அழுகிறீர்கள். 'பார்த்தான், கண்ணில் படவில்லை' என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். 'காது கொடுத்தான், எதுவும் விழவில்லை' என்பாள். ஆங்கிலம் இரண்டு வினையிலும் மனுஷனையே எழுவாயாக வைக்கிறது. தமிழ் இரண்டாவதில் அவனை விலக்கிவிட்டு, படுவதையும் விழுவதையும் எழுவாய் ஆக்குகிறது. பார்ப்பது அவன் வேலை. தெரிவது உலகத்தின் வேலை. இது ஒரு தத்துவம். சும்மா கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு 'பார்வையைச் செலுத்தினான், ஆயினும் காட்சியைப் பெறவில்லை' என்று எழுதுகிறவனை என்ன சொல்ல?

ஒத்த வினைகள் இரண்டு எதிரே வந்தால் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இதைச் செய்தவன் யார், அவன் வாக்கியத்தில் இருக்கிறானா? அவன் மேலே நின்று செய்தானா, சமமாக நின்றா? காரியம் தீர்ந்ததா, பாக்கியா? செய்தவனுக்குப் புகழா, பழியா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பிறகு வினையை எழுதலாம். தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தைத் தள்ளி வைக்கலாம். அடுத்த இதழ் தாமதமாக வரட்டும். நம் இதழ்கள் எப்படியும் தாமதமாகத்தான் வருகின்றன.